கெட்டி ஆயிலும் டாப் கியர் பக்தியும்

"நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் தம்பி நிக்கும். தண்ணி மாதிரி இருக்கிறதை ஊத்துனா என்ஜின் என்னத்துக்கு ஆகும்?"

"டாப் கியரைப் போட்டு உருட்டிக்கிட்டே போங்க. மிதிச்சு ஓட்டுனா என்ஜின் சீக்கிரம் போயிரும்."

மதுரையில கார் வச்சிருக்கிற யாரும் இந்த ரெண்டு வசனத்தையும் கேக்காம இருந்திருக்க முடியாது. மூணாவதா ஒண்ணு இருக்கு. "மாசத்துக்கு ஒருவாட்டி ரிங் ரோட்டுல விட்டு நல்லா அமுக்குங்க, என்ஜின் ஃப்ரீ ஆயிரும்." ரெண்டாவது வசனத்தைச் சொன்ன அதே ஆள்தான் இதையும் சொல்லுவாரு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டுதேன்னு கேட்டா, "அதெல்லாம் அனுபவம் தம்பி"ன்னு ஒரு சிரிப்போட முடிச்சிருவாரு.

படிச்சது மெக்கானிக்கல், சோறு போடுறது சாஃப்ட்வேர்ங்கிற பெருங்கூட்டத்துல நானும் ஒருத்தன். படிச்சதுல பாதி மறந்துபோச்சு, ஆனா லூப்ரிகேஷன் பாடம் மட்டும் ஏனோ மனசுல ஒட்டிக்கிச்சு. அதை வச்சு இந்த மூணு வசனத்தையும் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கலாம். என் தீர்ப்பை முதல்லயே சொல்லிடுறேன். முதல் வசனம் ஒரு காலத்துல உண்மை, இப்போ காலாவதி. ரெண்டாவது, இப்போ வர்ற வண்டிகளுக்கு ஆபத்து. மூணாவது உண்மைதான், ஆனா அவங்க நினைக்கிற காரணத்துக்காக இல்ல.

பெரியவங்க சொன்னது பொய் இல்ல

மதுரை மோட்டார் தொழில்ல நேத்து முளைச்ச ஊரு இல்லீங்க. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912லயே இங்க பஸ் விட ஆரம்பிச்சவரு. ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்போ, அதுக்கு மாற்றா டி.வி.எஸ் கேஸ் பிளான்ட்டைத் தயாரிச்ச கம்பெனி அது. அப்படிப்பட்ட ஊர்ல தலைமுறை தலைமுறையா கை கறுத்து வேலை பாத்தவங்க சொல்ற பேச்சை சும்மா ஒதுக்கிட முடியாது.

அம்பாசடர் காலத்து ஆயிலை நினைச்சுப் பாருங்க. நிறைய வண்டிக்கு ஊத்துனது ஒத்தை நம்பர் ஆயில், அதாவது எஸ்.ஏ.இ 30, எஸ்.ஏ.இ 40 மாதிரி. காலையில கஞ்சி மாதிரி இருக்கும், சூடேறுனா இளகிப் போயிரும். என்ஜின் உள்ள இருக்கிற இடைவெளியும் இன்னைக்கு இருக்கிற அளவுக்குத் துல்லியமா இருக்காது. அந்த வண்டியில சித்திரை மாசத்துல கெட்டி ஆயில் கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. புது வண்டியை பயபக்தியோட உருட்டி ஓட்டுனதும் அந்தக் காலத்து என்ஜினுக்குப் பொருந்துன விஷயம்தான்.

பிரச்சனை என்னன்னா, அம்பாசடர் 2014ல நின்னுபோச்சு. மாருதி 800ம் அதே வருஷம் நின்னுபோச்சு. வசனம் மட்டும் நிக்கல.

அந்த நம்பர் என்ன சொல்லுது?

ஆயில் டப்பாவுல 5டபிள்யூ-30ன்னு போட்டிருக்கும். அந்த டபிள்யூ 'வெயிட்' இல்ல, 'வின்டர்'. அதாவது குளிர்காலம். 5டபிள்யூன்னா மைனஸ் 30 டிகிரியில என்ஜினை சுத்த விடுமான்னு சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம். 20டபிள்யூன்னா அதே சோதனை மைனஸ் 15ல. நம்ம ஊர்ல மார்கழி மாசம் 20 டிகிரி வந்தாலே ஸ்வெட்டர் தேடுறோம். அதனால முதல் நம்பரை வச்சு இங்க பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா காலையில ஸ்டார்ட் பண்ணுன முதல் சில நொடிகள்ல மெல்லிசான ஆயில்தான் மேல கேம் வரைக்கும் வெரசா போய்ச் சேரும். 40 டிகிரி சூட்டுல பாத்தாலே 20டபிள்யூ-50, 5டபிள்யூ-30ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல கெட்டியா இருக்கும்.

ரெண்டாவது நம்பர்தான் சூடான என்ஜினுக்கு. 100 டிகிரியில 30 கிரேடு ஆயில் 9.3லருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள இருக்கணும். 50 கிரேடுன்னா 16.3லருந்து 21.9. இந்த 100 டிகிரிங்கிறதை கவனிங்க. வெளிய மதுரையா மணாலியாங்கிற கேள்வியே அங்க இல்ல. ஏன்னா என்ஜினுக்குள்ள தெர்மோஸ்டாட்னு ஒருத்தர் உக்காந்திருக்காரு. கூலன்ட் 80, 90 டிகிரிக்கு வந்ததும் கதவைத் திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பிச்சு சூட்டைக் கட்டுக்குள்ள வச்சிருப்பாரு. வெளிய 40 டிகிரியா இருந்தாலும் 25 டிகிரியா இருந்தாலும், ஓடிக்கிட்டிருக்கிற என்ஜின் உள்ள ஏறக்குறைய அதே சூடுதான். அக்னி நட்சத்திரம் நமக்குத்தான், பிஸ்டனுக்கு இல்ல. அது பக்கத்துல எரியிற நெருப்புக்கு முன்னாடி நம்ம வெயில் எல்லாம் ஒரு மேட்டரா?

முழு லோடோட ஏசியும் போட்டுக்கிட்டு மே மாசம் கொடைக்கானல் மலை ஏறுறப்போ ஆயில் சூடு கூடத்தான் செய்யும். அதையும் கணக்குல எடுத்துத்தான் கம்பெனிக்காரன் கிரேடு குறிக்கிறான். உங்க கார் புத்தகத்துல 0டபிள்யூ-20ன்னு போட்டிருந்தா, அதுக்குத் தகுந்த பேரிங் இடைவெளி, அதுக்குத் தகுந்த ஆயில் பம்ப்னு முழு டிசைனும் அதை வச்சுத்தான் நடந்திருக்கு. வேரியபிள் வால்வ் டைமிங் இருக்கிற என்ஜின்ல அந்த வால்வ் அமைப்பையே ஆயில் பிரஷர்தான் நகத்துது. அங்க போயி 20டபிள்யூ-50 ஊத்துறது, ஸ்பெக்கையே படிக்காம கோட் எழுதுற மாதிரி. ஓடும். எப்போ எங்க பல்லிளிக்கும்னுதான் தெரியாது.

"ஆனா கெட்டி ஆயில் ஊத்துனதும் சத்தம் குறைஞ்சுச்சே?"ன்னு கேப்பீங்க. குறையும். தேஞ்சுபோன இடைவெளியில கெட்டியான ஆயில் மெத்தை மாதிரி உக்காரும். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி ஆயில் குடிக்கிற வண்டிக்கு, புத்தகம் அனுமதிக்கிற எல்லைக்குள்ள ஒரு கிரேடு ஏத்துறது நியாயமான வைத்தியம்தான். நல்லா இருக்கிற புது என்ஜினுக்கு அதே மருந்தைக் கொடுக்கிறதுதான் தப்பு.

1883ல ஒரு கார்க் கதை

இப்போ மிதிக்கிறதா உருட்டுறதாங்கிற சண்டைக்கு வருவோம். இதுக்கு இங்கிலாந்து வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரணும்.

1883 வாக்குல பியூச்சாம்ப் டவர்னு ஒரு இன்ஜினியர், ரயில் அச்சு பேரிங்குல ஆயில் எப்படி வேலை செய்யுதுன்னு சோதனை பண்ணிக்கிட்டிருந்தாரு. ஆயில் ஊத்துறதுக்காக பேரிங் மேல ஒரு ஓட்டை போட்டாரு. அச்சு சுத்த ஆரம்பிச்சதும் அந்த ஓட்டை வழியா ஆயில் மேல வழிஞ்சு வந்துருச்சு. கார்க் வச்சு அடைச்சாரு, அது வெளிய தள்ளிக்கிட்டு வந்துச்சு. மரக்கட்டையை வச்சு அடிச்சாரு, அதுவும் வந்துருச்சு. அப்போதான் புரிஞ்சது, சுத்துற அச்சு தானாவே ஆயிலை இழுத்துக்கிட்டுப் போயி அடியில ஒரு பிரஷரை உண்டாக்குது, பாரத்தையே அந்த ஆயில் படலம்தான் தூக்கி நிறுத்துது. மூணு வருஷம் கழிச்சு 1886ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தாரு. இன்னைக்கும் நம்ம பசங்க செமஸ்டருக்கு முந்தின ராத்திரி திட்டிக்கிட்டே படிக்கிறது அவரோட சமன்பாட்டைத்தான்.

இதுல நமக்கு என்ன பாடம்? கிராங்க் பேரிங்குல உலோகத்தையும் உலோகத்தையும் பிரிச்சு வைக்கிற படலம் மூணு விஷயத்தைப் பொறுத்தது. ஆயிலோட கெட்டித்தன்மை, சுத்துற வேகம், மேல இருக்கிற பாரம். வேகம் கூடுனா படலம் தடிக்கும். பாரம் கூடுனா மெலியும்.

இப்போ காட்சியை யோசிங்க. நத்தம் ரோடு பறக்கும் பாலத்துல ஏறும்போது அஞ்சாவது கியர்ல 35 கிலோமீட்டர் வேகம். என்ஜின் 1100, 1200 ஆர்.பி.எம்ல திணறுது. கியரைக் குறைக்க மனசு வரல. மைலேஜ் போயிருமே! காலை மட்டும் அழுத்துறோம். சுத்துற வேகம் கம்மி, பாரம் முழுசு. படலம் மெலிஞ்சு போறதுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆள் என்னமோ என்ஜினைப் பொத்திப் பொத்திப் பாத்துக்கிறதா நினைச்சுக்கிட்டு இருப்பாரு.

நடுங்குறதுக்கும் காரணம் அங்கதான் இருக்கு. மூணு சிலிண்டர் என்ஜின் ஒரு சுத்துக்கு ஒன்றரை தடவை வெடிக்கும். 1200 ஆர்.பி.எம்ல நொடிக்கு 30 அடி. 3000த்துல நொடிக்கு 75 அடி. மெதுவா விழுற அடியைத்தான் சீட்டும் ஸ்டியரிங்கும் உணரும். வேகமா விழுற அடிகளை என்ஜின் மவுண்டிங் ரப்பரே முழுங்கிடும். 'ஸ்மூத்தா இல்ல'ன்னு நாம சொல்றதுல பெரும்பங்கு இதுதான். இதுக்கு எந்த ஆயிலும் மருந்து இல்ல. கியரைக் குறைக்கிறதுதான் மருந்து, அதுவும் இலவசம்.

அப்போ முறுக்கலாமா?

முறுக்கலாம், கணக்கோட. மாருதி 800 என்ஜின்ல பிஸ்டன் ஒரு தடவை நகர்ற தூரம் 72 மி.மீ. 3000 ஆர்.பி.எம்ல பிஸ்டனோட சராசரி வேகம் நொடிக்கு 7.2 மீட்டர். 5000த்துல 12 மீட்டர். பிஸ்டனைத் திருப்பித் திருப்பி இழுக்கிற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால அது 2.8 மடங்கு ஆயிரும். கப்பலூர்லருந்து விருதுநகர் வரைக்கும் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்துலயே பிடிச்சுக்கிட்டுப் போனா தேய்மானம் வராம என்ன செய்யும்? அதே நேரம், ஓவர்டேக் பண்றப்போ ஒரு பத்து நொடி 4500 தொட்டா என்ஜின் கோவிச்சுக்காது. அதுக்குத்தான் செஞ்சிருக்கான்.

ஒரே ஒரு நிபந்தனை, ஆயில் சூடாகியிருக்கணும். டாஷ்போர்டுல நீல லைட் அணைஞ்சதும் எல்லாம் தயார்னு நினைக்கிறோம். அது கூலன்ட்டோட சூடு. ஆயில் சூடாக அதுக்கப்புறமும் நேரம் பிடிக்கும். அண்ணா நகர்ல எடுத்த வண்டியை மாட்டுத்தாவணி தாண்டுறதுக்குள்ள விரட்டுறது அநியாயம். இன்னொண்ணு, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் ரெவ் லிமிட்டர் காப்பாத்திரும். ஆனா 100ல போறப்போ அஞ்சுலருந்து நாலுன்னு நினைச்சு ரெண்டுல போட்டா எந்த லிமிட்டராலயும் காப்பாத்த முடியாது. சக்கரமே என்ஜினைச் சுத்தி விட்டுரும்.

மூணாவது வசனத்துல இருக்கிற உண்மை இப்போ புரியும். ஊருக்குள்ளயே கீழவாசல், சிம்மக்கல்னு அங்கிட்டும் இங்கிட்டும் நகந்துக்கிட்டு இருக்கிற வண்டியில ஸ்பார்க் பிளக் முனை தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கிற சூட்டுக்கே போகாது. அதுக்கு 450 டிகிரி வேணும். ஆயில்ல சேர்ற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாது. ரிங் ரோட்டுல அரை மணி நேரம் நல்ல வேகத்துல ஓடுனா ரெண்டும் நடக்கும். 'என்ஜின் ஃப்ரீ ஆச்சு'ன்னு சொல்றது அந்த ஓட்டத்துல உள்ள ஏறுன சூட்டைத்தான்.

உருட்டுறது ஆபத்தாகுற இடம்

இந்தப் பதிவை எழுத வச்ச விஷயம் இனிமேதான் வருது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், திருநகர் பக்கம், டூரிஸ்ட் வண்டி ஓட்டுறாரு. கடன்ல எடுத்த பிஎஸ்6 டீசல் வண்டி. சீசன் இல்லாதப்போ ஊருக்குள்ள சின்னச் சின்ன சவாரிதான். டீசல் மிச்சம் பண்ண எப்பவும் டாப் கியர் உருட்டல். ஆயில் வெளிய ஒரு கடையில, லாரிக்கு ஊத்துற 15டபிள்யூ-40. ஒரு நாள் சந்தோஷமாச் சொன்னாரு, "தம்பி, நம்ம வண்டி சொட்டு ஆயில் குடிக்கலப்பா. குச்சியில போன மாசத்தை விட மேல நிக்குது!"

எனக்கு பக்குனு ஆச்சு. கேன்லருந்து யாரும் ஊத்தாம ஆயில் எப்படிங்க கூடும்?

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததுலருந்து டீசல் கார் சைலன்ஸர் வழியில புகைக்கரியைப் பிடிச்சு வைக்கிற டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கு. சேர்ந்த கரியை அவ்வப்போது வண்டியே எரிச்சுத் தள்ளணும். அதுக்குப் புகைச்சூடு 600 டிகிரி பக்கம் போகணும். தொடர்ந்து கொஞ்ச நேரம், 2000த்துக்கு மேல சுத்துனாத்தான் சுலபமா நடக்கும். அந்தச் சூட்டை வரவைக்க என்ஜின் கூடுதலா டீசலைப் பீச்சும். பாதியில கீழவாசல் நெரிசல்ல நின்னு, சாவியைத் திருப்பி அணைச்சா வேலை நின்னுபோகும். மறுபடி முயற்சி, மறுபடி டீசல். அதுல ஒரு பகுதி சிலிண்டர் சுவத்தோட இறங்கி ஆயில்ல கலந்துரும். குச்சியில மட்டம் ஏறுனது அதனாலதான். அவர் என்ஜின்ல ஓடிக்கிட்டு இருந்தது டீசல் கலந்த ஆயில். அது பேரிங்கைக் காப்பாத்துமா?

அவர் ஊத்துன ஆயிலும் சேர்ந்து சதி பண்ணுது. டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில் வேணும், டப்பாவுல ஏ.சி.இ.ஏ சி2, சி3ன்னு போட்டிருக்கும். சாதாரண ஆயில் எரிஞ்சு விடுற சாம்பலை எந்தச் சூட்டாலும் எரிக்க முடியாது, வடிகட்டியிலயே படிஞ்சு கிடக்கும். டிபிஎஃப் மாத்துறது தவணை கட்டுற மனுஷனோட பல மாச வருமானம். அவருக்கு இதை விற்கும்போது யாரும் சொல்லல, சர்வீஸ்லயும் சொல்லல. நல்லவேளை, ஆயிலை மாத்தி, வாரம் ஒருக்கா ரிங் ரோட்டுல மூணாவது நாலாவது கியர்ல ஓட்ட ஆரம்பிச்சு, இப்போ குச்சி மட்டம் அசையாம நிக்குது.

பெட்ரோல்காரங்க சிரிக்காதீங்க. டர்போ பெட்ரோல் வண்டிகளுக்கும் ஒரு சங்கதி இருக்கு. நேரடியா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் பீச்சுற டர்போ என்ஜின்ல, கம்மி ஆர்.பி.எம்ல காலை முழுசா அழுத்துனா, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே கலவை தானா பத்திக்கும். பிஸ்டனையே உடைக்கிற அளவுக்கு அடி விழலாம். இதைத் தூண்டி விடுறதுல ஆயில்ல இருக்கிற கால்சியம் சேர்மானத்துக்கும் பங்கு உண்டு. அதனாலதான் 2020ல வந்த ஏ.பி.ஐ எஸ்.பி தரத்துல இதுக்குன்னே தனிச் சோதனை வச்சாங்க. ஆக உருட்டி ஓட்டுறதும் ஏதோ ஒரு ஆயிலை ஊத்துறதும் சேர்ந்துதான் இன்னைக்கு என்ஜினைத் தின்னுது.

காசு எங்க போகணும்?

என்ஜின் நடுங்குதுன்னதும் நம்மாளு நேரா போயி விலை உசந்த ஃபுல் சிந்தெடிக் வாங்குவாரு. சர்வர் ஸ்லோவா இருக்குன்னா எங்க சிக்கல்னு பாக்காம ராம் போடச் சொல்ற மேனேஜர் ஞாபகம்தான் எனக்கு வரும் :-) நடுக்கத்துக்குக் காரணம் தேஞ்ச மவுண்டிங்கா இருக்கலாம், பழைய பிளக்கா இருக்கலாம், அழுக்கேறின த்ராட்டில் பாடியா இருக்கலாம். அதைப் பாக்கறதுக்கு ஆகுற செலவு ஒரு சிந்தெடிக் டப்பா விலைகூட வராது.

'சிந்தெடிக்'ங்கிற வார்த்தைக்கே ஒரு கதை உண்டு. கச்சா எண்ணெயை நல்லா சுத்திகரிச்சு எடுக்கிற குரூப் 3 ஆயிலை சிந்தெடிக்னு விளம்பரம் பண்றாங்கன்னு காஸ்ட்ரால் மேல மொபில் அமெரிக்காவுல புகார் கொடுத்துச்சு. 1999ல அங்க விளம்பரங்களை விசாரிக்கிற அமைப்பு, அப்படிச் சொல்லிக்கலாம்னு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்பு சொல்லிருச்சு. அந்த ஆயில் மட்டம்னு அர்த்தமில்ல, நல்ல ஆயில்தான். டப்பா முன்னாடி இருக்கிற பெரிய எழுத்தை விட, பின்னாடி இருக்கிற கிரேடும் தரமும்தான் முக்கியம்னு சொல்ல வர்றேன். புத்தகம் கேக்கிற தரத்துல, சொன்ன நேரத்துல மாத்துற சாதா ஆயில், இருபதாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் இழுத்தடிக்கிற உசந்த ஆயிலை விட மேல்.

அப்புறம் ஏர் ஃபில்டர். திருமங்கலம் தாண்டுனா கரிசக்காட்டுப் புழுதி. அந்த மண் உள்ள போச்சுன்னா உப்புத்தாள் வச்சுத் தேச்ச மாதிரி. அதை மறந்துட்டு ஆயில் பிராண்டுக்கு மட்டும் சண்டை போடுறது, ஓட்டைக் கூரைக்குக் கீழ உக்காந்துக்கிட்டு எந்தக் கம்பெனிக் குடை நல்லதுன்னு பேசுற மாதிரி.

மெக்கானிக் அண்ணன்களை நான் குறை சொல்லல. அவங்க காதுக்குத் தெரியிற சத்தம் என் பட்டத்துக்குத் தெரியாது. ஆனா அவங்ககிட்ட வண்டியை விடுறப்போ காரோட வந்த புத்தகத்தையும் எடுத்துட்டுப் போங்க. ஆயில் பக்கத்தைத் திறந்து காட்டுங்க. வாடகை வண்டி ஓட்டுற யாரையாவது தெரிஞ்சா, குச்சியில மட்டம் ஏறுதான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவங்களுக்கு அது வெறும் ஸ்மூத்னஸ் பிரச்சனை இல்ல, வீட்டு அடுப்புப் பிரச்சனை.

உங்க ஊர்ல என்ஜினைப் பத்தி என்ன வசனம் ஓடுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கோயம்புத்தூர்க்காரங்க கண்டிப்பா ஒரு தனிக் கட்சி வச்சிருப்பாங்க, தெரியும்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல, ஆயில் கம்பெனி ஏஜென்ட்டும் இல்ல. உங்க வண்டி என்ன கேக்குதுங்கிறதுக்குக் கடைசிச் சொல் உங்க கார் புத்தகம்தான், இந்தப் பதிவு இல்ல.